எதிர்பார்ப்பும் எதிர்நோக்கும்

வானொலி மறையுரை – பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு
வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 2:14, 22-33, 1 பேதுரு 1:17-21, லூக்கா 24:13-35



எருசலேமிலிருந்து எம்மாவுக்குச் செல்லும் பாதையில் இன்று நற்செய்தி நம்மை அழைத்துச் செல்கிறது. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரம். இரண்டு சீடர்கள் முகவாட்டத்தோடு நடக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்கிறார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். கிளயோப்பா நடந்தவற்றைச் சொல்கிறார். அப்படிச் சொல்லும்போது அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல், நற்செய்தியில் உள்ள துயரமான சொற்களில் ஒன்று. இயேசுவே இஸ்ரயேலை மீட்கப்போகிறவர் என்று தாங்கள் எதிர்பார்த்திருந்ததாக அவர் சொல்கிறார். எதிர்பார்க்கிறோம் என்று அவர் சொல்லவில்லை; எதிர்பார்த்திருந்தோம் என்று சொல்கிறார். அது முடிந்துபோன கதை. ஆகவே எருசலேமுக்கு முதுகு காட்டி அவர்கள் நடக்கிறார்கள்.

இந்தச் சீடர்கள் இயேசுவை வெறுத்தவர்கள் அல்லர். அவர் சொல்லிலும் செயலிலும் வல்லவர் என்று இப்போதும் சாட்சி சொல்கிறார்கள். வெறுக்கவும் இல்லை, மறுதலிக்கவும் இல்லை; ஏமாந்துபோனார்கள். நாம் யார்மீது மிகுந்த எதிர்பார்ப்பு வைக்கிறோமோ, அவரே நம்மை மிகவும் ஏமாற்றியதாகத் தோன்றுகிறது. அப்படியானால் அந்த எதிர்பார்ப்பு எத்தகையது? அது அன்பிலிருந்து வந்ததா, வேறு எதிலிருந்தாவது வந்ததா? இந்தக் கேள்வியைச் சிந்திக்க, இன்று நாம் சற்றே தொலைவான ஓர் இடத்துக்குப் போய் வருவோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கில் கனெக்டிகட் என்ற சிறிய மாநிலம் உள்ளது. அங்கே ஸ்டோர்ஸ் என்ற ஊரில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை அந்நாட்டில் அறியாதவர்கள் குறைவு. நம் மறைமாவட்டங்களில் அருள்சகோதரிகள் நடத்தும் பள்ளிகள் பலவற்றில் கூடைப்பந்துத் திடல் உண்டு. எனவே இந்த விளையாட்டை நமக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் அங்கே கல்லூரிக் கூடைப்பந்து என்பது மாலைநேரப் பொழுதுபோக்கு அன்று. பல்லாயிரம் பேர் அரங்கில் அமர்ந்தும், பல இலட்சம் பேர் தொலைக்காட்சி முன் அமர்ந்தும் பார்க்கும் பெருவிழா. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில், அதாவது நம் தவக்காலத்தில், அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் தேசியப் பட்டத்துக்காக மோதுகின்றன. ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1985ஆம் ஆண்டில் ஜீனோ ஆரியெம்மா என்பவர் இந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். இத்தாலியில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோரோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். 1995இல் அந்த அணி ஒரு போட்டியிலும் தோற்காமல் 35 போட்டிகளில் வென்று முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. அதற்குப்பின் 2016ஆம் ஆண்டுக்குள் இன்னும் பத்துப் பட்டங்கள். அவற்றில் கடைசி நான்கு, 2013 முதல் 2016 வரை, தொடர்ச்சியாக வந்தவை. 2008 முதல் 2022 வரை நடந்த எல்லாத் தொடர்களிலும் அந்த அணி கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. 2014 நவம்பரில் தொடங்கிய ஒரு வெற்றி வரிசை 111 போட்டிகள் வரை நீண்டது. நாட்டின் மிகத் திறமையான மாணவியர் அந்தக் கல்லூரியைத் தேடி வந்தார்கள். 2016இல் படிப்பை முடித்து வெளியேறிய மூவரைத் தொழில்முறை அணிகள் முதல் மூன்று இடங்களில் தேர்ந்தெடுத்தன.

அன்பார்ந்தவர்களே, இப்படிப்பட்ட அணிக்கு இரசிகராக இருப்பது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நாம் எண்ணலாம். ஆனால் நடந்தது வேறு. வெற்றி கூடக் கூட, அந்த வெற்றி தரும் மகிழ்ச்சி குறைந்துகொண்டே வந்தது. முதல் பட்டத்துக்கு மாநிலமே கொண்டாடியது. பத்தாவது பட்டத்தில் அது வழக்கமாகிவிட்டது. இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்றால், முப்பதாக இருந்திருக்கலாமே என்ற முணுமுணுப்பு. 2016 மார்ச் மாதத்தில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணியை அவர்கள் 98க்கு 38 என்ற கணக்கில் வென்றார்கள். 60 புள்ளி வித்தியாசம்! அப்போது ஒரு பத்திரிகையாளர், இவர்கள் பெண்கள் கூடைப்பந்தையே அழிக்கிறார்கள், இதை இனிப் பார்க்க வேண்டியதில்லை என்னும் பொருளில் எழுதினார். தோற்றால் ஏச்சு, வென்றால் சலிப்பு. அந்தப் பெண்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

அடுத்த ஆண்டு, 2017 மார்ச் 31ஆம் தேதி, தவக்கால வெள்ளிக்கிழமை. டாலஸ் நகரில் அரையிறுதிப் போட்டி. எதிரணி அதே மிசிசிப்பி ஸ்டேட். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. கடைசி நொடியில் மோர்கன் வில்லியம் என்ற மாணவி பந்தை எறிந்தார். ஐந்தடி ஐந்து அங்குலம் உயரமே உள்ளவர். பந்து கூடைக்குள் விழுந்தது. 66க்கு 64. வெற்றி வரிசை 111இல் நின்றுபோனது. ஓராண்டுக்கு முன் 60 புள்ளிகளில் தோற்ற அணி, வெல்லவே முடியாது என்று கருதப்பட்ட அணியை வென்றுவிட்டது. அப்போது தோற்ற அணியின் பயிற்சியாளர் முகத்தில் ஒரு புன்னகை எழுந்ததைப் பலரும் கவனித்தார்கள். இது என்றோ ஒருநாள் நடக்கவேண்டியதுதானே என்று அவர் அறிந்திருந்தார்போலும்.

வென்ற அணியின் இரசிகர்களுக்கு என்ன ஆயிற்று? இரண்டே நாளில், இறுதிப் போட்டியில், அவர்களும் தென் கரோலினா அணியிடம் தோற்றார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். 2018 ஏப்ரல் 1ஆம் நாள், அது உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. திருச்சிலுவைச் சபையினர் நிறுவிய நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் எதிரணி. அந்தப் பருவத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து நான்கு வீராங்கனைகளை இழந்திருந்த அணி அது. புனித வெள்ளியன்று நடந்த அரையிறுதியில், அரிகே ஒகுன்போவாலே என்ற மாணவி கடைசி நொடியில் எறிந்த பந்து கனெக்டிகட்டைத் தோற்கடித்தது. உயிர்ப்பு ஞாயிறன்று அதே மாணவி, மீண்டும் கடைசி நொடியில், மீண்டும் அதேபோல் எறிந்து பட்டத்தை வென்று தந்தார்.

இதைக் கேட்டதும், கடவுள் கத்தோலிக்கக் கல்லூரியின் பக்கம் நின்றார் என்று சொல்லத் தோன்றும். அப்படி நாம் சொல்ல வேண்டாம். கடவுள் எந்த அணிக்கும் இரசிகர் அல்லர். தோற்றுப்போன பெண்களும் அவருடைய மகள்களே. அவர்களிலும் புனித வாரத்தில் செபித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

கனெக்டிகட்டின் கதைக்கு மீண்டும் வருவோம். 2017 முதல் 2024 வரை அந்த அணிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. நோய்த்தொற்றால் 2020இல் தொடர் நடக்கவில்லை. மீதி ஏழு ஆண்டுகளில் ஆறுமுறை அந்த அணி கடைசி நான்கு இடங்களுக்குள் வந்தது. வேறு எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இதைப் பொற்காலம் என்று கல்வெட்டில் பொறித்திருப்பார்கள். கனெக்டிகட்டில் இதற்குப் பெயர் வறட்சி! அளவுகோல் எங்கே போய் நிற்கிறது, பாருங்கள்.

அந்த வறட்சிக் காலத்தில் அணிக்கு வந்தவர் பெய்ஜ் பெக்கர்ஸ். 2020இல் சேர்ந்தார். முதலாண்டு மாணவியாக இருந்தபோதே நாட்டின் சிறந்த வீராங்கனை விருதுகளை வென்றார். அதற்குமுன் எந்த முதலாண்டு மாணவியும் அடையாத சிறப்பு அது. உடனே எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்: இவர்தான் மீட்கப்போகிறவர். ஆனால் 2021 டிசம்பரில் இடது முழங்காலில் எலும்பு முறிவு. 2022 ஆகஸ்டில் அதே முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஒரு பருவம் முழுவதும் களமிறங்க முடியவில்லை. அவருடைய தோழி ஆஸி ஃபட் என்பவருக்கும் இருமுறை முழங்கால் தசைநார் கிழிந்தது. பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். காலை ஊன்றி நடக்கவே மீண்டும் பழகிக்கொண்டிருந்த அதே மாதங்களில், எப்போது பட்டம் வாங்கித் தருவீர்கள் என்ற கேள்வி அவர்களைச் சுற்றி ஒலித்துக்கொண்டே இருந்தது.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, மாநிலங்கள் ஒவ்வொன்றாக விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டப்படி அனுமதித்தன. கனெக்டிகட் 2021இல் அனுமதித்தது. பணம் கட்டியவருக்கு அந்த மாணவி இனி ஒரு மாணவியாகத் தெரிவதில்லை. தன் பணம் போன வழியாகத் தெரிகிறாள். தோற்ற இரவில் அவள் கைப்பேசிக்கு வசவும் மிரட்டலும் வருகின்றன. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அந்நாட்டு அமைப்பே இதை ஆராய்ந்து, ஆண் வீரர்களைவிடப் பெண் வீராங்கனைகளுக்கே இத்தகைய வசவு கூடுதலாக வருகிறது என்று கண்டறிந்தது. ஆதரவு என்று தொடங்கியது எங்கே வந்து முடிகிறது! எதிர்பார்ப்பவர் மெல்ல மெல்லக் கடன்காரராகிறார். கடனைக் கொடு என்று கழுத்தைப் பிடிக்கிறார். திருமுழுக்குப் பெற்ற நாமும் மத்தேயு நற்செய்தியில் இப்படி ஒருவரைச் சந்தித்திருக்கிறோம்.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். சாமி, திறமை உள்ளவரிடம் மிகுதியாக எதிர்பார்ப்பது தவறா? மிகுதியாகப் பெற்றவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் என்று ஆண்டவரே சொல்லவில்லையா? லூக்கா நற்செய்தி 12ஆம் பிரிவில் அந்தப் போதனை இருக்கிறதே?

நல்ல கேள்வி. ஆண்டவர் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் இரண்டு காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, கேட்பவர் யார்? கொடுத்தவர் கேட்கிறார். தாலந்தைத் தந்த தலைவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்தப் பெண்ணின் கைக்குத் திறமையைத் தந்தவர் கடவுள். அதை வளர்த்தவர்கள் அவளுடைய பெற்றோர், ஆசிரியர், பயிற்சியாளர். எல்லாருக்கும் மேலாக, அதிகாலையில் எழுந்து உழைத்த அவளே. நுழைவுச்சீட்டு வாங்கியதால் மட்டும் அந்தத் திறமை நம் சொத்தாகிவிடாது.

இரண்டாவது, கேட்கப்படுவது என்ன? தாலந்து உவமையை நினைவுகூர்வோம். ஐந்து தாலந்து பெற்றவர் மேலும் ஐந்து ஈட்டினார். இரண்டு பெற்றவர் மேலும் இரண்டு ஈட்டினார். தலைவர் இருவரையும் ஒரே சொற்களால் பாராட்டுகிறார். ஒருவருக்கு ஐந்து மடங்கு கைத்தட்டல், மற்றவருக்கு இரண்டு மடங்கு என்று இல்லை. அவர் பார்த்தது தொகையை அல்ல, உண்மையை. இரசிகர் கூட்டம் கேட்பது முடிவை. ஆண்டவர் கேட்பது பற்றுறுதியை. எதிரணி மாணவி கடைசி நொடியில் எறியும் பந்து கூடைக்குள் விழுமா, வெளியே போகுமா என்பது யார் கையிலும் இல்லை. அதற்கு அந்தப் பிள்ளையிடம் கணக்குக் கேட்பது அநீதி. நீ உழைத்தாயா, தோழியருக்குத் துணை நின்றாயா, விழுந்தபின் எழுந்தாயா என்று கேட்பது நீதி.

அன்பார்ந்தவர்களே, வேறுவகையான இரசிகர்களையும் இந்த விளையாட்டின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவர்கள் அருள்சகோதரிகள்!

பிலடெல்பியா நகருக்கு அருகில் இம்மாக்குலாட்டா என்ற சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி இருந்தது. அமல அன்னையின் பெயர் தாங்கிய அந்தக் கல்லூரியை மரியாவின் மாசற்ற இதயத்தின் பணியாளர் சபைச் சகோதரிகள் நடத்தினார்கள். 1967இல் அங்கிருந்த விளையாட்டு அரங்கம் தீயில் எரிந்துபோனது. எனவே சொந்தத் திடல் இல்லை. கேத்தி ரஷ் என்ற இளம்பெண் பயிற்சியாளராக வந்தபோது, ஒரு பருவத்துக்கு அவர் பெற்ற ஊதியம் 450 டாலர். 1972இல் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. பயணத்துக்குப் பணம் இல்லை. மாணவியர் பல் துலக்கும் தூரிகைகளை விற்றுப் பணம் திரட்டினார்கள். அப்படியும் எட்டுப் பேருக்கு மட்டுமே விமானச்சீட்டு வாங்க முடிந்தது. போட்டிக்கு வந்த 16 அணிகளில் அவர்களுக்குத் தரப்பட்ட இடம் 15. வட்டாரப் போட்டியில் வெஸ்ட் செஸ்டர் என்ற அணியிடம் 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். இறுதிப் போட்டியில் அதே அணியை 52க்கு 48 என்று வென்றார்கள். 1973இலும் 1974இலும் மீண்டும் பட்டம் வென்றார்கள்.

அவர்களுடைய ஆட்டங்களுக்குச் சகோதரிகள் துறவற உடையோடு வந்து அமர்ந்தார்கள். ஒரு வீராங்கனையின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் உலோக வாளிகளையும் மரக்கட்டைகளையும் கொண்டுவந்து கொடுத்தார். செபமாலை பிடிக்கும் கைகள் வாளியைத் தட்டி ஒலி எழுப்பின. அரங்கமே அதிர்ந்தது. எதிரணியினர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்!

இந்தச் சகோதரிகள் எப்போது அங்கே வந்தார்கள்? பட்டம் வருவதற்கு முன்பே வந்தார்கள். எதிர்பார்க்க எதுவும் இல்லாத காலத்தில் வந்தார்கள். அந்த மாணவியரை அவர்கள் வகுப்பறையில் அறிந்திருந்தார்கள், சிற்றாலயத்தில் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு முதலில் அவள் மாணவி, பிறகுதான் வீராங்கனை. பட்டம் வந்தபோது மகிழ்ந்தார்கள். 1975இலும் 1976இலும் இறுதிப் போட்டியில் டெல்டா ஸ்டேட் அணியிடம் தோற்றார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் விளையாட்டு உதவித்தொகை தரத் தொடங்கியபின், அந்தச் சிறிய கல்லூரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு அது தேசியப் பட்டம் வெல்லவே இல்லை. ஆயினும் அந்தப் பெண்கள் மறக்கப்படவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல், கூடைப்பந்தின் புகழ்மன்றம் அந்த அணியைச் சேர்த்துக்கொண்டது. வாளி தட்டிய சகோதரிகளின் கதையையும் மக்கள் இன்றுவரை சொல்லி மகிழ்கிறார்கள்.

நம் தமிழ் விவிலியத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. எம்மாவு சீடர்கள் வாயில் வருவது எதிர்பார்ப்பு. புனித பவுல் நம்பிக்கை, அன்பு இவற்றோடு சேர்த்துச் சொல்வது எதிர்நோக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக அறிவித்தபோது, நம்மை எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று அழைத்தார். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் எதிர்பார்ப்பு, எனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிறது. எதிர்நோக்கு, கடவுள் இந்த மனிதருக்குள் என்ன செய்கிறார் என்று நோக்குகிறது. எதிர்பார்ப்புக்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் கோபம் வரும். எம்மாவு சீடர்கள்கூட இன்று மூன்றாம் நாள் ஆகிறது என்று நாள் கணக்குப் பார்த்தார்கள். எதிர்நோக்குக்குக் கெடு இல்லை. அது உடன் நடக்கும்.

இப்போது எம்மாவு பாதைக்குத் திரும்புவோம். ஆண்டவர் அந்த இருவரையும் எப்படி நடத்துகிறார்? அவர்கள் தவறான திசையில் போகிறார்கள். ஆனாலும் அவர் எதிரே வந்து வழிமறிக்கவில்லை, சேர்ந்து நடக்கிறார். எல்லாம் அறிந்தவர், அறியாதவர்போலக் கேள்வி கேட்கிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை முழுவதும் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகுதான் பேசுகிறார். மெசியா பாடுபட்டே மாட்சிமை அடையவேண்டியிருந்தது என்று மறைநூலைத் திறந்து காட்டுகிறார். அவர்கள் எதிர்பார்த்தது, தோல்வியே தெரியாத வெற்றிவீரரை. அவர்களோடு நடந்தவர், காயத்தோடு உயிர்த்தவர்.

அவர்கள் கேட்டதை ஆண்டவர் தரவில்லை என்பதையும் கவனிப்போம். உரோமையர் அன்று மாலையும் எருசலேமில்தான் இருந்தார்கள். எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஆனால் அப்பம் பிட்கப்பட்டது, கண்கள் திறந்தன. அந்த இரவிலேயே அவர்கள் எழுந்து, வந்த வழியே திரும்பி நடந்தார்கள். எந்தக் கூட்டம் தோற்றுப்போன கூட்டம் என்று விட்டுவிட்டு வந்தார்களோ, அதே கூட்டத்துக்குத் திரும்பினார்கள்.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் பேதுரு நமக்கு ஒரு விலையை நினைவூட்டுகிறார். நாம் மீட்கப்பட்டது அழிந்துபோகும் பொன்னாலோ வெள்ளியாலோ அன்று, கிறிஸ்துவின் விலைமதிப்பற்ற இரத்தத்தால். தங்கப் பதக்கமோ வெள்ளிப் பதக்கமோ ஒரு பிள்ளையின் மதிப்பை முடிவு செய்வதில்லை. அந்த மதிப்பு கல்வாரியில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இனி யாரும் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

அன்பு நெஞ்சங்களே, கனெக்டிகட் தொலைவில் இருக்கலாம். ஆனால் அந்த அரங்கத்தின் இருக்கைகள் நம் வீட்டிலும் போடப்பட்டிருக்கின்றன. இன்னும் சில நாட்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும். 600க்கு 560 வாங்கிய பிள்ளையிடம், அந்த நாற்பது எங்கே போயிற்று என்று கேட்கும் வீடுகள் உண்டு. முதல் பருவத்தில் முதலிடம் வந்தபோது இனிப்பு வாங்கினோம். பத்தாம் முறை முதலிடம் வந்தபோது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோரின் கவலை நமக்குப் புரிகிறது. அது வெறும் ஆசை அன்று. அது அவர்களின் இரத்தமும் வியர்வையும். ஆயினும் அந்தக் கடனைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டால், ஒருநாள் மதிப்பெண் குறையும்போது அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு வீட்டுக்கு வரும்? வீட்டுக்கு வரவே அஞ்சிய பிள்ளைகளின் செய்திகளை ஒவ்வோர் ஆண்டும் நாம் படிக்கிறோம். சில வீடுகளில் அந்தத் துயரத்துக்கு இறுதித் திருப்பலியும் நிறைவேற்றியிருக்கிறோம். இதைவிட எச்சரிக்கை வேறு வேண்டாம்.

திறமை குறைந்த பிள்ளைகளே இப்படி வருந்துகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். குடும்பத்தின் விளக்கு, ஊரின் பெருமை என்று பெயர் வாங்கிய பிள்ளைகளும் உள்ளுக்குள் நடுங்குகிறார்கள். அவர்களுக்கு விழுவதற்கு இடமே விடப்படவில்லை.

எனவே இந்த வாரத்தில் மூன்று காரியங்களைச் செய்ய முயல்வோம். முதலாவது, முடிவு வெளிவரும் முன்பே பிள்ளையை அருகில் உட்காரவைத்து, எந்த மதிப்பெண் வந்தாலும் இது உன் வீடு, இரவு உணவுக்கு உன் தட்டு இங்கே இருக்கும் என்று வாய்திறந்து சொல்வோம். அது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட வேண்டாம். சொல்லப்படாத அன்பு, அஞ்சும் பிள்ளையின் காதில் கேட்பதில்லை. இரண்டாவது, ஆண்டவர் எம்மாவு பாதையில் செய்ததுபோல, அறிவுரைக்கு முன் கேள்வி கேட்போம். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்போம். மூன்றாவது, நம் பங்கில் பாடற்குழுவிலோ, விளையாட்டிலோ, மறைக்கல்வியிலோ யாரும் கவனிக்காமல் உழைக்கும் ஒரு பிள்ளையைத் தேடிப்போய், அந்த அருள்சகோதரிகளைப்போலக் கொஞ்சம் வாளி தட்டுவோம்! பரிசு வாங்கிய பிறகு பாராட்ட ஊரே வரும். அதற்கு முன் பாராட்டுகிறவர்களே தேவை.

நிறைவாக ஒரு செய்தி. 2025 ஏப்ரல் 6ஆம் நாள், தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. கனெக்டிகட் அணி தென் கரோலினாவை 82க்கு 59 என்று வென்று, தனது பன்னிரண்டாவது பட்டத்தைப் பெற்றது. பெய்ஜ் பெக்கர்ஸுக்கு அது கல்லூரியில் கடைசி ஆட்டம். கடைசி நிமிடங்களில் பயிற்சியாளர் அவரைக் களத்திலிருந்து வெளியே அழைத்தார். இருவரும் வெகுநேரம் தழுவி நின்றார்கள். அந்தப் பட்டம் கிடைக்காமல் போயிருந்தாலும், விழுந்து எழுந்து நடந்த அந்த ஐந்து ஆண்டுகள் வீணாகியிருக்காது. அவரோடு மருத்துவமனைக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் உடன் நடந்தவர்களுக்கு அது தெரியும். முடிவை மட்டும் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆண்டு மீண்டும் கணக்குத் தொடங்கிவிடும்.

செபிப்போம். உயிர்த்த ஆண்டவரே, ஏமாற்றத்தோடு நடந்தவர்களுக்கு வழித்துணையாக வந்தவரே, எங்கள் பிள்ளைகளை எங்கள் கனவுகளுக்கு அடகு வைக்காதிருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். தேர்வு முடிவுக்காகவும், வேலைக்காகவும், மருத்துவ அறிக்கைக்காகவும் அச்சத்தோடு காத்திருக்கும் ஒவ்வொருவரின் அருகிலும் நடந்தருளும். திறமை பெற்றவர்களுக்குத் தாழ்ச்சியையும், தோல்வி கண்டவர்களுக்குத் திரும்பிவர ஒரு வீட்டையும் தாரும். எங்கள் எதிர்பார்ப்புகள் உடையும் நேரத்தில் அப்பத்தைப் பிட்டு எங்கள் கண்களைத் திறந்தருளும். பொழுது சாய்கிறது ஆண்டவரே, எங்கள் இல்லங்களில் தங்கியருளும். ஆமென்.